பொறந்த ஊரு எதும்மா?

அத்தியாயம் 17

"ஒனக்கு என்ன படிக்கணும்னு சொல்லு தாயி. எழுதறதுதான் அப்பா. முடிவு ஒன்னோடது."

"ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். நீங்களே போடுங்கப்பா."

மூன்று வருஷத்துக்கு முன்னால், திண்டுக்கல்லில் அந்த மகளிர் கல்லூரி வராந்தாவில், விண்ணப்பத்தைத் தூணில் அணைத்துப் பிடித்துக்கொண்டு பெருமாள்சாமி கேட்டதும் பவித்ரா சொன்னதும் அவ்வளவுதான். அவர் மகளின் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற பெண். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடும் முன்பே கல்வெட்டைத் தடவிப் பார்க்கிற பெண். அவருக்குப் புரிந்துவிட்டது. 'வரலாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் மனசில் இருந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ்.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இன்றைக்கும் பூ மார்க்கெட்டில் யாராவது கேட்டால், "எம் மக ஆசப்பட்டுக் கேட்ட படிப்பு" என்றுதான் பெருமாள்சாமி நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் பவித்ராவுக்குச் சிரிப்பும் வரும், சொல்லாமல் விட்டது உறுத்தவும் செய்யும்.

ஆனால் அந்த வரலாறு அவளை ஏமாற்றவில்லை. இரண்டாம் வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுக்கிற பாடம் வந்தது. ஆட்கள் சொல்வதை மட்டுமல்ல, சொல்லாமல் விழுங்குவதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அதில்தான் கற்றுக்கொண்டாள். கூடவே, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் வகுப்பு. ஒரு மெஷினுக்கு மூன்று பேர். மற்ற இருவரும் மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க, விசைப்பலகையை விடாமல் பிடித்துக்கொண்டவள் இவள்.

மூன்றாம் வருஷம் கல்லூரியில் புது ஏற்பாடு செய்தார்கள். பி.ஏ. மாணவிகளும் ஆறு வாரம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து அறிக்கை எழுத வேண்டும். பவித்ரா போன இடம் பழனி ரோட்டில் இருக்கிற நல்வழி மருத்துவமனை. அங்கே நோயாளிகளைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை எழுதியது அவளுடைய அண்ணன் கண்ணன்.

பெங்களூரில் ஆட்குறைப்பில் வேலை போய் ஊருக்கு வந்த கண்ணனுக்கு அதுதான் முதல் சொந்த வேலை. அது சரியாக ஓடினால் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் கூப்பிடும். ஓடாவிட்டால், திண்டுக்கல்லில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஓடவில்லை. போன வெள்ளிக்கிழமை, காலில் புண்ணோடு வந்த பேச்சாயி என்ற பாட்டிக்குப் பென்சிலின் ஊசி போடப் போனார்கள். 'இவங்களுக்கு அது ஒத்துக்காது, முன்னாடி ஒரு தடவை மூஞ்சி வீங்கிப் போச்சாம்' என்று, வருகிற பெண்கள் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்த பவித்ரா ஓடிப் போய்த் தடுத்தாள். பார்த்தால், ஒரே பேச்சாயிக்கு மூன்று பதிவுகள், மூன்றிலும் மூன்று கணவர் பெயர். முதல் பதிவில் எச்சரிக்கை இருந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் ஸ்டான்லி கண்ணனைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாரம் கெடு கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சரியாகவில்லையென்றால் மெஷினை மூடிவிட்டுப் பழையபடி நோட்டுதான்.

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை. பவித்ராவின் ஆறு வாரத்துக்கும் இன்றைக்குத்தான் கடைசி நாள்.

*

அகரத்தில் அவர்கள் வீட்டு வாசலில், சம்பங்கி மூட்டைகள் டி.வி.எஸ். 50-இன் பின்னால் ஏறிக்கொண்டிருந்தன.

"வேடசந்தூர்க்காரங்க நேத்தும் போன் போட்டாங்க" என்றார் பெருமாள்சாமி, கயிற்றை இறுக்கியபடி. "நல்ல மனுசங்க. பையன் மில்லுல சூப்பர்வைசர். பரீட்சை முடிஞ்சதும் வைகாசியில கல்யாணத்த வெச்சுக்கலாங்கிறாங்க. இன்னைக்குப் பொழுதுசாயப் பதில் சொல்றேன்னுட்டேன்."

யாரிடம் சொன்னார் என்று கேட்டால், வண்டியிடம் சொன்னார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் அப்படித்தான். வண்டியைப் பார்த்தோ மாட்டைப் பார்த்தோ சொல்வார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சாப்டுட்டுப் போறது" என்றாள் பவித்ராவின் அம்மா சண்முகவள்ளி, அடுப்படியிலிருந்து, அவளும் யாரையும் பார்க்காமல்.

"மார்க்கெட்டுல பாத்துக்கிறேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பக்கமா வாரேன், புள்ளைய ஏத்திக்கிட்டு வந்துர்றேன்."

வண்டி கிளம்பிப் போனது. கண்ணன் சட்டைப் பையில் மூன்று ஃப்ளாப்பிகளைச் செருகிக்கொண்டு இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம்.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இனிமே ஒரே ஆளு ரெண்டாவது தடவ வந்தா மெஷின் சத்தம் போடும்."

"ஆளு ஒண்ணுதான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்ணே?"

"பேரு, ஊரு, வீட்டுக்காரர் பேரு. மூணும் ஒத்துப்போச்சுன்னா ஒரே ஆளு."

"வீட்டுக்காரர் பேரே தப்பா வந்தா?"

"அது பதிவு மேசை நர்கீஸ் தப்பு. அரட்டையடிச்சுக்கிட்டே டைப் பண்ணா மெஷின் என்ன செய்யும்?"

"அண்ணே, அவங்க பேரச் சொல்ல மாட்டேங்கிறாங்கண்ணே. நான் எழுதி வெச்சிருக்கிற நோட்ட ஒரே ஒரு தடவ பாரேன்."

"புள்ள, இது ரெண்டாயிரத்து மூணு. புருசன் பேரச் சொல்ல மாட்டாங்களாம்ல! பானிபட் யுத்தத்தையெல்லாம் ப்ரோக்ராம்ல போட முடியாது. நீ ஒன் அறிக்கைய எழுது, நான் என் வேலையப் பாக்குறேன்."

பவித்ராவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் இன்றைக்கு விடுவதாக இல்லை. அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, நீ இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. அந்த முட்டிவலிய டாக்டர்ட்டக் காட்டிரலாம்."

சண்முகவள்ளியின் கையில் கரண்டி நின்றது.

"எனக்கென்ன? நல்லாத்தான இருக்கேன்."

"நேத்துக்கூட எந்திரிக்க முடியாம செவுத்தப் பிடிச்சியே. வா. எனக்காக வா."

சண்முகவள்ளி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "மத்தியானச் சோத்துக்கு வெஞ்சனம் மட்டும் வெச்சுட்டு வாரேன். செத்த நேரம் ஆகும். நீங்க முன்னால போங்க."

முட்டிவலிக்கு ஏன் அம்மா இப்படி யோசிக்கிறாள் என்று பவித்ராவுக்கு ஒரு கணம் தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடினாள்.

*

"வாங்க ஆராய்ச்சி மேடம்! கடைசி நாளு. மிட்டாய் எங்க?" என்றாள் நர்கீஸ்.

பதிவு மேஜையில் உட்காரும் நர்கீஸுக்குப் பவித்ராவைவிட இரண்டு வயது அதிகம், இருபது மடங்கு வாய் அதிகம். ஆனால் இன்றைக்கு அவள் கண் அடிக்கடி அலமாரியின் மேலே போனது. அங்கே அட்டை போட்ட நாலு பெரிய நோட்டுகள், புதுசு, இன்னும் பிரிக்காத காகிதக் கட்டோடு.

"காலையிலயே வாங்கி வெச்சுட்டாரு டாக்டரு. திங்கக்கெழமைக்கு."

கண்ணனும் அதைப் பார்த்தான். முகம் இறுகியது.

"நீங்க செத்த எந்திரிங்க நர்கீஸ். நானே உக்காந்து போடுறேன். தப்பு மெஷின்ல வருதா ஆளுகிட்ட வருதான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும்."

"தாராளமா உக்காருங்கண்ணே. எங்க வீட்டுலயே எங்கம்மா அது வீட்டுக்காரர, எங்கத்தாவ, 'இந்தா பாருங்க'ன்னுதான் கூப்புடும். உங்க மெஷினு எங்கம்மாகிட்ட மாட்டணும், அப்பத் தெரியும்."

முதலில் வந்த ஏழெட்டுப் பேரும் ஆண்கள். விறுவிறுவென்று ஓடியது. கண்ணன் தங்கையை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் இரண்டு பெண்கள், இருவருக்கும் பின்னால் மகன்கள் நின்று பதில் சொன்னார்கள். அதுவும் ஓடியது. மூன்றாவதாக, தலையில் கொஞ்சம் சம்பங்கியும் கையில் மஞ்சள் பையுமாக சண்முகவள்ளி வந்து நின்றாள்.

"பேரு?" என்றான் கண்ணன், நிமிராமலே.

"ஏண்டா அப்பு, ஒனக்குத் தெரியாதா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீ உள்ள போ, நான் போட்டுக்கிறேன்" என்றான்.

"இல்லண்ணே" என்றாள் பவித்ரா. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மேஜை விளிம்பை அவள் பிடித்திருந்த பிடி மெதுவாக இல்லை. "யாரோ மாதிரிக் கேளு. மெஷின் கேக்குறதை மட்டும் கேளு."

"சரி. பேரு?"

"சண்முகவள்ளி."

"வயசு?"

"நாப்பத்தேழுன்னு போடு."

"நாப்பத்தொம்பதும்மா."

"அப்பறம் எதுக்குக் கேக்குற?"

"ஊரு?"

"அகரம்."

"வீட்டுக்காரர் பேரு?"

சண்முகவள்ளி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகளைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

"அதான்... ஒங்கப்பா பேரு."

"எங்கப்பா பேரு மெஷினுக்குத் தெரியாதும்மா. நீதான் சொல்லணும்."

"தாடிக்கொம்புக் கோயில்ல நிக்கிறாருல்ல. அவரு பேரு."

விசைப்பலகையிலிருந்து கண்ணன் கையை எடுத்தான். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறான். அம்மா ஒரு தடவைகூட அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை என்பது அவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது போலிருந்தது. பெருமாள் கோயிலுக்குப் போனாலும் அவள் 'நம்ம கோயிலு' என்றுதான் சொல்வாள். அந்தச் சாமிக்கும் அவளால் பெயர் சொல்ல முடியாது.

"சீக்கிரம்யா. பல்லு வலியில உசுரு போகுது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நர்கீஸுக்கு இது பழக்கமான கட்டம். தலையை நீட்டி, "தாடிக்கொம்பா? அங்க சாமி சௌந்தரராஜப் பெருமாளு. சௌந்தரராஜன்தானம்மா?" என்றாள்.

சண்முகவள்ளி பெரிய பாரம் இறங்கினாற்போல வேகமாகத் தலையாட்டினாள்.

"என்னம்மா தலையாட்டுற? அப்பா பேரு சௌந்தரராஜனா?"

"என்னமோ ஒண்ணு போடுப்பா. பின்னால ஆளுக நிக்கிறாகல்ல. அந்தப் பொண்ணுக்கும் வேலையாகணும்ல."

கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெயரையே அடித்தான். எப்படிப்பட்ட தப்பு உள்ளே போகிறது என்று பார்க்கத்தான் அடித்தான். அடுத்த கணம் மெஷின் 'பீப்' என்று கத்தி, திரையில் ஆங்கிலத்தில் சொன்னது.

'இந்த நோயாளி ஏற்கெனவே பதிவாகியுள்ளார். எண் 1147.'

"யாரோ அகரத்துல இதே பேர்ல..." என்று சொல்லிக்கொண்டே அந்தப் பதிவைத் திறந்தான். சண்முகவள்ளி, வயது நாற்பத்தேழு, கணவர் சௌந்தரராஜன். போன ஐப்பசி மாதம் வந்திருக்கிறாள். தலைசுற்றல். இரத்தக் கொதிப்பு அதிகம். தினமும் மாத்திரை, மாதம் ஒரு முறை கட்டாயம் வர வேண்டும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. அவள் மறுபடி வரவேயில்லை.

கண்ணன் மெல்ல நிமிர்ந்தான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா?"

"பக்கத்து வீட்டு மூக்காயிகூட வந்தேன். ரெண்டு நாளாக் கிறுகிறுன்னு வந்துச்சு."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ வேலை போயி வந்து, இந்த மெஷினே கதின்னு கெடந்த நேரம். அதுல நான் வேறயான்னுட்டு..."

"மாத்திர?"

"ஒரு மாசம் தின்னேன். அப்பறம் நல்லாத்தான இருந்துச்சு."

அம்மாவைப் பவித்ரா வரச் சொன்னது அண்ணனுக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்க. அதற்குள்ளே இப்படி ஒன்று ஒளிந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இன்றைக்கு நர்கீஸ் வேறொரு பெயரை ஊகித்திருந்தால் மெஷின் கத்தியிருக்காது. அம்மா முட்டிவலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"நர்கீஸ், அம்மாவ டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள். அப்புறம் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து வரிசையைக் கவனிக்க ஆரம்பித்தாள். எழுந்து நின்ற கண்ணன், எங்கேயும் போகாமல் அங்கேயே நின்றான்.

"பவி" என்றான். "அந்த நோட்டு எங்க?"

*

நர்கீஸ் திரும்பி வந்து மேஜையை வாங்கிக்கொண்டதும், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில், இன்னொரு மெஷினின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்ணன் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தான். ஆறு வாரம். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். கணவன் பெயரைக் கேட்டதும் அவர்கள் செய்ததும் சொன்னதும்.

'ஆறு முகம் உள்ளவர் என்றார். ஆறுமுகம் என்று பதிவானது. அடுத்த வாரம் சண்முகம் என்று பதிவானது.'

'பேசவில்லை. பின்னால் நின்ற நாத்தனார் சொன்னாள்.'

'மகன் பெயரைச் சொன்னார். அதையே கணவன் பெயராகப் போட்டுவிட்டார்கள். தெரிந்தும் மறுக்கவில்லை.'

"ரேஷன் கார்டு கொண்டாரச் சொன்னா?"

"காய்ச்சலோட பஸ் ஏறி வர்றவங்க ரேஷன் கார்டத் தேடிட்டா இருப்பாங்க?"

"சரி, அந்தக் கட்டத்தையே தூக்கிருவோம்."

"தூக்கிட்டா, பேரும் ஊரும் மட்டும் போதாதுண்ணே. அகரத்துல மட்டும் எத்தன சண்முகவள்ளி?"

"மூத்த புள்ள பேரக் கேப்போம். அதச் சந்தோசமாச் சொல்லுவாங்க."

"நானும் அதான் மொதல்ல நெனச்சேன்." பவித்ரா நோட்டை வாங்கி ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இவங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம். புள்ள இல்ல. அதுக்குத்தான் டாக்டரப் பாக்க வந்தாங்க. வரிசையில பக்கத்துல நின்ன அம்மா, ஒனக்கு எத்தன புள்ளைகன்னு சும்மாத்தான் கேட்டுச்சு. இவங்க டோக்கன மேசையில வெச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்கண்ணே. நாம அத மெஷின்லயே எழுதி எல்லார்ட்டயும் கேக்கப் போறோமா?"

கண்ணன் அந்தப் பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பின்ன என்னதான் கேக்குறது?"

"பொறந்த ஊரு."

"பொறந்த ஊரா?"

"கடைசிப் பக்கங்களப் பாரு. நாலாவது வாரத்துலருந்து நானே பேச்சோட பேச்சாக் கேட்டுப் பாத்தேன். ஒருத்தர்கூட வாய மூடல. புருசன் பேரக் கேட்டா தலை குனியுது. பொறந்த ஊரக் கேட்டா நிமிருது. ஊர மட்டும் கேட்டா கெணறு, கோயிலு, அண்ணன் தம்பி எல்லாத்தையும் சேத்துச் சொல்றாங்க. பேரு, இருக்கிற ஊரு, பொறந்த ஊரு. மூணும் ஒத்துப்போற ரெண்டு பேரு இந்த நோட்டுல இல்ல."

"உள்ளூர்லயே கட்டிக்குடுத்திருந்தா?"

"தெருவக் கேளு."

"ஆம்பளைக்கு?"

"அப்பா பேரு. அத அவங்க ரோடு வரைக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுவாங்க."

வாரக்கணக்கில் இறுகிக் கிடந்த கண்ணனின் முகத்தில் சிரிப்பு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையில் கையை வைத்தான். ஒரு மணி நேரம் அந்த அறையில் தட்டச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கணவர் பெயர் இருந்தால் போடலாம், இல்லாவிட்டாலும் மெஷின் மறிக்காது என்று மாற்றினான். புதுக் கட்டத்துக்குப் பெயர் வைக்கும் இடம் வந்ததும் நிறுத்தினான்.

வீட்டில் அவனுடைய கம்ப்யூட்டரைத் தொடக்கூட விடமாட்டான். இப்போது எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"நீயே அடி. பிறப்பிடம்னு போட்ருவோமா?"

"வேணாம். அப்படிப் போட்டா 'பிறப்பிடம்?'னு போலீஸ் ஸ்டேஷன்ல கேக்குற மாதிரிதான் கேப்பாங்க." தமிழ் எழுத்து வரவைக்க நாளாகும் என்பதால் ஆங்கில எழுத்துகளிலேயே, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். 'பொறந்த ஊரு எதும்மா?'

*

நாலு மணிக்கு டாக்டர் ஸ்டான்லி வந்தார். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மேஜையின் பக்கத்தில் நின்றார். புண்ணுக்குக் கட்டு மாற்ற வரச் சொல்லியிருந்த பேச்சாயிதான் வரிசையில் முதல் ஆள்.

"பேரு?" என்றாள் நர்கீஸ்.

"பேச்சாயி."

"ஊரு?"

"வக்கம்பட்டி."

நர்கீஸ் திரையைப் பார்த்தாள். அவள் குரல் அவளறியாமலே மாறியது. "பொறந்த ஊரு எதும்மா?"

"எனக்கா?" பேச்சாயி புண்ணுக் காலை மறந்து நிமிர்ந்தாள். "சித்தையன்கோட்டை தாயி. வாய்க்கா எங்க வாசலுக்கு வரும். எங்கப்பன் வெத்தலக்கொடி போட்டிருந்தாரு. நீ அந்தப் பக்கமா?"

"எங்க பெரியம்மா அங்கதான் பாட்டிம்மா!"

மெஷின் கத்தியது. மதியமே அவளுடைய மூன்று பதிவுகளையும் பவித்ராவும் கண்ணனும் ஒன்றாகச் சேர்த்து, நோட்டிலிருந்த பொறந்த ஊரையும் அதில் போட்டு வைத்திருந்தார்கள். திரையின் முதல் வரியில் சிவப்பு எழுத்தில் நின்றது: 'பென்சிலின் கூடாது.'

வரிசையிலிருந்த இன்னும் மூன்று பெண்களை டாக்டரே கேட்டார். நிலக்கோட்டை. செம்பட்டி. மூன்றாவது பெண் ஊரைச் சொல்லிவிட்டு, அங்கே போய் நாலு மாசமாகிறது என்று அவரிடமே குறைப்பட்டுக்கொண்டாள்.

"கேக்க வேண்டியத ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிட்டீங்களே கண்ணன்" என்றார்.

பவித்ரா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் 'ஆமாம்' என்று சொன்னாலும் அவள் மறுக்க மாட்டாள். அவனுக்கு இந்த வேலை வேண்டும்.

"நான் எழுதினது தப்பில்லாமத்தான் சார் ஓடுச்சு" என்றான் கண்ணன். "தப்பான கேள்வியக் கேட்டுக்கிட்டு ஓடுச்சு. சரியான கேள்வி இவளோடது. ஆறு வாரமாச் சொல்லிக்கிட்டிருந்தா. நாந்தான் காது குடுக்கல."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த எண்பது பக்க நோட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார்.

"என்ன படிக்கிறீங்க?"

"பி.ஏ. வரலாறு சார்."

"வத்தலக்குண்டுலயும் ஒட்டன்சத்திரத்துலயும் நம்ம கிளினிக் ரெண்டு இருக்கு. வைகாசியில அங்கயும் கம்ப்யூட்டர் வைக்கிறோம். ஒட்டன்சத்திரத்து ஆளுக பேச்சே வேற. அங்க என்ன கேக்கணும்னு யாராச்சும் போயி உக்காந்து கேட்டாத்தான் தெரியும். ஒரு வருஷ வேலை. பரீட்சை முடிச்சிட்டு வாங்க. ஆனா கம்ப்யூட்டரை முறையாப் படிச்சாகணும். சாயங்கால வகுப்புல சேருங்க, அதுக்கு நேரம் விட்டுத் தர்றேன். வீட்டுல கேட்டுட்டுத் திங்கக்கெழமை சொல்லுங்க." போகிறபோது அலமாரியைக் காட்டினார். "நர்கீஸ், அந்த நோட்டெல்லாம் கேன்டீனுக்குக் குடுத்துருங்க."

"இப்பவாச்சும் மிட்டாய் உண்டா இல்லியா?" என்றாள் நர்கீஸ்.

பவித்ராவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. வைகாசி என்று அவர் சொன்னது மட்டும் முள்ளாக உள்ளே நின்றது.

*

வாசலில் டி.வி.எஸ். 50 நின்றது. பெருமாள்சாமி காலிச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். சண்முகவள்ளி மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி மகனோடு படியிறங்கி வந்தாள். பையில் மாத்திரைகள்.

"அட, எல்லாருமா இருக்கீங்க!" என்றார் பெருமாள்சாமி. "நீ எங்க இங்க?"

"முட்டிவலிக்கு" என்றாள் சண்முகவள்ளி. கண்ணன் அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே அவனை அடக்கினாள்.

பெருமாள்சாமி அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்வை மகளின் முகத்தில் நின்றுவிட்டது. ரொம்ப நாளுக்குப் பிறகு இப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் பார்க்கிறார். அவர் முகமும் மலர்ந்தது.

"காலையில சொன்னதுலருந்து யோசிச்சுக்கிட்டே இருந்திருக்க போல. எனக்குப் புரிஞ்சிருச்சு தாயி. மொகமே சொல்லுதே!" சாக்கை வண்டியில் வைத்தார். "இந்தா, எதுத்தாப்புலயே பூத் இருக்கு. வேடசந்தூருக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துர்றேன். நம்ம பக்கம் சம்மதம்னு."

ரோட்டைக் கடந்து எஸ்.டி.டி. பூத்தை நோக்கி அவர் நடந்தார். துள்ளி நடப்பது போல இருந்தது.

பவித்ரா நின்ற இடத்திலேயே நின்றாள். அதே அப்பா. அதே ஆசையான பார்வை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வராந்தாவில் பார்த்த அதே பார்வை. அவர் தப்பா? கேட்டாரே. இவள்தானே வாயை மூடிக்கொண்டு, அவர் போட்டதற்குத் தலையாட்டினாள்? பின்னால் நிற்கிறவர்களுக்கு நேரமாகிறதே என்று அம்மா தலையாட்டினாள். ஐப்பசியிலிருந்து இன்றுவரை யாரோ ஒருவருடைய மனைவியாக அந்த மெஷினுக்குள் கிடந்தாள்.

"அப்பா!"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நடுவில் போனது. அது போன பிறகு அவள் ரோட்டைக் கடந்துவிட்டிருந்தாள். பெருமாள்சாமியின் கை பூத்தின் கதவில் இருந்தது.

"என்ன தாயி?"

"சொல்றதுக்கு முன்னாடி என்னையக் கேளுங்கப்பா."

"அதான் மொகத்துலயே தெரியுதே, இன்னும் என்ன கேக்..."

"தெரியாதுப்பா. ஒங்களுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. நான் சொன்னதேயில்ல. கேளுங்க."

கதவிலிருந்து அவர் கை மெல்ல இறங்கியது. மகளை அவர் இப்படிப் பார்த்ததில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பூத்காரரும் தலையை நீட்டினார். எதிர்ப்பக்கம் அம்மாவும் அண்ணனும் வண்டியின் பக்கத்தில் அசையாமல் நின்றார்கள்.

"சரி" என்றார் பெருமாள்சாமி. "ஒனக்கு என்ன வேணும்? சொல்லு."

அதே கேள்வி. அவள் அவர் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் படிக்க ஆசப்பட்டது கம்ப்யூட்டர்ப்பா. நான் சொல்லல, நீங்க வரலாறுன்னு போட்டீங்க. அதுல எனக்கு வருத்தமில்ல. இப்ப எனக்கு ரெண்டும் வேணும். படிச்சத வெச்சு வேலை பாக்கணும். வேலை இருக்கு, வகுப்பும் இருக்கு, வைகாசியில ஆரம்பிக்கணும்." ஒரு மூச்சு விட்டாள். "வேடசந்தூர்ல இப்ப முடியாதுன்னு சொல்லுங்கப்பா. எனக்கு ஒரு வருஷம் குடுங்க."